மடைவாயில் எடுத்த சேறு

1993ஆம் ஆண்டுக் கோடையில் பாரிவாக்கம் ஏரி முற்றிலும் வற்றிக் கிடந்தது. ஏரியின் அடிச்சேற்றைக் குழாயில் எடுத்து, முற்காலத்து மழையளவை அறியும் பொருட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ரகுநாதன், செங்கல் சூளைக்காரர் வெட்டாத இடத்தைத் தேடினார்.

“மடையாண்ட யாரும் கை வெச்சதில்ல சார்,” என்றாள் பார்வதம்.

அவள் கணவர் செங்கல்வராயன் அம்மடையைத் திறந்து மூடும் பணியைச் செய்தவர். எட்டாண்டுகளுக்கு முன் பெய்த பெருமழையில் கரை உடைந்து, கீழ்த்தெருக் குழந்தைகள் இருவர் மாண்டனர். குடித்துவிட்டு மடையைத் திறவாது உறங்கினார் என ஊர் அவரைப் பழித்தது. மறு ஆண்டே அவர் இறந்தார். மடை முழுதும் திறந்திருந்தும் தாங்காத மழை அது என்பதைப் பார்வதம் அறிவாள். அன்று லாந்தர் பிடித்து நின்றவள் அவளே. ஆனால், ஆவடித் தொழிற்சாலையில் பணிபுரியும் மகன் கன்னியப்பனே அதை நம்பவில்லை. தந்தையின் படத்தையும் வீட்டில் மாட்டவில்லை.

பெருமழை பெய்த ஆண்டில் பருமணல் தடித்துப் படியும் என்று ரகுநாதன் கூறக் கேட்டதும், அம்மழையின் அளவை மணலே மெய்ப்பிக்கும் என எண்ணிப் பார்வதம் மகனுக்கு ஆளனுப்பினாள்.

“இன்னாமா, நைனா பேர சேத்துல தேடிகினு கீறியா?”

“கெடைக்கும்டா. செத்த நில்லு.”

குழாயை அடித்து இறக்கி, வெளியே எடுத்துப் பிளந்தனர்.

“மேல இருக்கிறது ஏழெட்டு வருஷத்து வண்டல். அதுக்குக் கீழ நேரா அடிக்களி,” என்றார் ரகுநாதன். “நடுவுல இருந்ததை யாரோ சுத்தமா வாரி எடுத்திருக்காங்கம்மா.”

பார்வதத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மடைவாய் அடைபடாதிருக்கக் கோடைதோறும் மண்வெட்டியுடன் இறங்கியவர் அவள் கணவரே. ஊரார் காறித் துப்பிய பின்னரும், அவ்வெள்ளம் கொணர்ந்த மணலை அவரே வாரினார். கூடை சுமந்தவள் அவள். வீட்டு வாசலைப் பெருக்குவது போன்ற வேலை அது. அதையும் கை வைத்ததாகக் கொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

“அந்த மணலு எங்கமா?” என்றான் கன்னியப்பன்.

“ஒடைஞ்ச கரைய தூர்க்கக் கொட்டினோம்டா.”

“நல்லா வாரினாருமா உன் புருசன்.”

“சார், இன்னும் ஆழமா அடிச்சிப் பாருங்க சார்.”

“ஆழத்துல இருக்கிறது அதைவிடப் பழைய மழைம்மா.”

“இருக்கட்டும் சார். அடிங்க.”

ரகுநாதன் தலைகுனிந்து குழாயைக் கழுவத் தொடங்கினார். கன்னியப்பன் அதற்குள் கரையேறிப் பூந்தமல்லிச் சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.