குரோ போட்ட கட்டை

கூடத்து நாற்காலிகளையெல்லாம் தியென்-லாய் காலையிலேயே முற்றத்துக்குக் கடத்திவிட்டான். இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, மேலே பலகைகளைப் பரப்பி, தம்பி அஃபூ கண் மூடுவதற்கான படுக்கையைத் தயார் செய்தும் விட்டான். தம்பி இன்னும் சாகவில்லை என்பதுதான் அதில் ஒரே குறை.

துங்காங் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்த்த அஃபூ, வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தான். பொறுத்துப் பார்க்கலாம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தியென்-லாய் காதில் விழுந்தது பின்பாதி மட்டும். வெளியில் செத்தவனின் ஆவிக்கு வீட்டுப்படி ஏற வழியில்லாமல் போய்விடுமாம். மூச்சு இருக்கும்போதே கொண்டுவந்து முன்னோர் முன்னால் கிடத்தி, குழாயை எடுத்துவிடுவதுதான் முறையாம். அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம், அம்மாவுக்கும் அப்படித்தான் என்றான். மத்தியானம் நல்ல நேரம் பார்த்து ஆம்புலன்ஸுக்குக் கூடச் சொல்லியாயிற்று. அஃபூவின் மனைவி யூ-ஷியா ‘சரி’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பழுத்து உதிர்ந்த கிழவருக்குச் செய்ததும், போன வாரம் வரை ஐஸ் பாளத்தைத் தோளில் தூக்கியவனுக்குச் செய்வதும் ஒன்றா? எதிர்வீட்டுக்காரி துக்க வீட்டுக்குப் போடும் முகத்தை இப்போதே போட்டுக்கொண்டு வந்து, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். எதற்குத் தேற்றிக்கொள்வது? அவன் உடம்பு இன்னும் சூடாக இருக்கிறதே!

சாவு கண்ணில் படாமலிருக்க சாமிகளைச் சிவப்புக் காகிதத்தால் மறைக்க வேண்டும். அதை வாங்க தியென்-லாய் கடைக்குப் போனான். ஆளில்லாத அந்த நேரத்தில் யூ-ஷியா, மாடத்தில் இருந்த கடல்தாய் மாசூவின் முன் மண்டியிட்டு, குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தாள். தினமும் காலையில் அஃபூ கைபட்டு வழவழத்துப் போன கட்டைகள். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் ‘ஆமாம்’. இரண்டும் குப்புற விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் மல்லாந்து விழுந்தால், பதில் சொல்லாமல் தாய் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

“தாயே, இந்த மனுஷன் எழுந்து நடந்து இந்தப் படி ஏறுவாரா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலை.”

போட்டாள். தாய் சிரித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவையும் அதேதான்.

யூ-ஷியாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “சிரிப்பு வருதா உனக்கு? என் குடி முழுகுது, உனக்குச் சிரிப்பு வருதா? பண்டிகை தவறாம வாத்து வறுத்து வச்சேனே, அதைத் தின்னுட்டுச் சிரிக்கிறியா?” ஒரு கட்டையை எடுத்து வாசலைப் பார்த்து வீசினாள். அது போய் வாசல் கேட்டருகில் விழுந்தது.

கேட்டருகில் குரோ படுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மெக்கானிக் சாயின் கறுப்பு நாய். காயப்போட்ட மீனைத் திருடும், வண்டிச் சக்கரத்தை நனைக்கும் அந்த மூதேவியை யூ-ஷியா துடைப்பத்தால் விரட்டாத நாளில்லை. இப்போது அது கட்டையைக் கவ்விக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டது. அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பலகைப் படுக்கையை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாசற்படியோரம் கிடந்த அஃபூவின் செருப்புக்கு முன்னால் கட்டையைப் போட்டுவிட்டு, உள்கதவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

துடைப்பத்தைத் தூக்கிய யூ-ஷியா அப்படியே நின்றாள். செருப்பருகில் கிடந்த கட்டை குப்புறக் கிடந்தது. சாமி முன்னால் கிடந்தது மல்லாந்து கிடந்தது.

நாயைத் தேடி வந்த சாய் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அஃபூ தன் செருப்பைத் தெருவில் வீசுவானாம், இது எடுத்து வந்து அவன் காலடியில் போடுமாம். யூ-ஷியா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இந்த விளையாட்டெல்லாம்.

“அவர் விழுந்த நாள்லேருந்து உங்க வாசல்லயே கெடக்குது தங்கச்சி. இழுத்துட்டுப் போனாலும் ஓடி வந்துடுது. ஊர்ல எல்லாரும் பேசிக்கிறதை இதுகிட்ட யாரும் சொல்லலை போல.”

யூ-ஷியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் இருந்தும், அவன் வருவான் என்று காத்திருந்தது இது ஒன்றுதான். கட்டின பெண்டாட்டி அவள்கூட, ‘இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலை’ என்றல்லவா சாமியிடம் கேட்டாள்! சிரிக்காமல் என்ன செய்வாள் தாய்?

சிவப்புக் காகிதச் சுருளோடு வந்த தியென்-லாய், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். நாய் போட்டதெல்லாம் கணக்கில்லை, ‘ஆமாம்’ என்றால் அடுத்தடுத்து மூன்று தடவை அப்படி விழ வேண்டும் என்றான். யூ-ஷியா இரண்டு கட்டைகளையும் பொறுக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

“அப்ப நீங்க கேளுங்க அத்தான். உங்க தம்பி பிழைப்பாரான்னு மூணு தடவை போட்டுக் கேளுங்க.”

தியென்-லாய் கை நீட்டவில்லை. கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “இல்லைன்னு வந்துட்டா என்னம்மா செய்யறது?” என்றான்.

“கேக்கவே பயப்படுறீங்க. பலகை போட மட்டும் பயமில்லையா?”

யூ-ஷியா போனை எடுத்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னாள். பெஞ்சு மேலிருந்த பலகை ஒன்றை உருவி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வெளியே போனாள். செத்தவன் படுக்கிற பலகையை வாசலில் போடுவதா என்று தியென்-லாய் பதறியது அவள் காதில் ஏறவில்லை. யாரும் சாகாத வீட்டில் அது வெறும் பலகை.

கேட்டருகில், நிழல் விழும் இடத்தில் அதைப் போட்டாள்.

“படுடா. அவர் வந்ததும் எழுந்திரு, போதும். அதுக்காக மீன்ல வாய் வச்சே, கொன்னுடுவேன்.”

குரோ ஏறிப் படுத்து, தெருவைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டது. யூ-ஷியா உள்ளே போய் அஃபூவின் செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பினாள்.