மூன்றாம் நாள் மண்டகப்படி

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: பெரிய வீட்டுப் பஞ்சநதம், அவர் மனைவி கமலாம்பாள், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் மருமகள் ஷோபனா. பங்காளி ரெத்தினம் இல்லை. அவர் வந்தது முந்தின நாள், ஷோபனா மயிலாடுதுறை போயிருந்தபோது. வீட்டில் நெட் வரவில்லை, கோயில் இணையதளத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனவர்தான். ஆனாலும் வாசலுக்கு வந்தவரை இல்லை என்று அனுப்புவது அந்த வீட்டில் வழக்கமில்லை. வீட்டு லேப்டாப்பைப் பஞ்சநதமே எடுத்து நீட்டினார்.

ஊர்க் கோயில் திருவிழாவில் மூன்றாம் நாள் மண்டகப்படிச் செலவை ஏற்றுப் பரிவட்டம் கட்டிக்கொள்வது தலைமுறைகளாகப் பெரிய வீட்டின் உரிமை. புது நிர்வாகம் அதை இந்த வருடம் இணையத்தில் போட்டுவிட்டது. பத்து மணிக்குத் திறக்கும்; முந்துகிறவருக்கு நாள். சிங்கப்பூரிலிருக்கும் ஊர்க்காரர் யாரும் முந்திவிடக் கூடாதென்று, தானாகவே பதிவு செய்யும் ஒரு ஸ்கிரிப்டை ஷோபனா எழுதியிருந்தாள். ஒத்திகையில் அது முரண்டு பிடித்தது.

“மறுபடியும் லாகின் கேக்குது மாமா.”

“இப்பதானேம்மா பேரு, போன்ல வந்த நம்பர் எல்லாம் சொன்னேன்?”

“சொன்னீங்க. உள்ள விட்டதும் அது ஒரு குக்கி கொடுக்கும், பாஸ் மாதிரி. அடுத்தடுத்துப் போறப்ப அதைக் காட்டணும். என் ஸ்கிரிப்ட் வாங்கின இடத்துலயே அதை விட்டுட்டுப் போயிடுச்சு. மாத்திட்டேன். இன்னொரு நம்பர் வரும், சொல்லுங்க.”

பஞ்சநதம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எங்க தாத்தா கட்டின மண்டபம். நான் யாருன்னு ஒரு தடவை கேட்டான், சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.”

“உங்க மீசையப் பாத்து மிஷின் பயப்படப் போகுதா? சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் கமலாம்பாள்.

அவர் உத்தரத்தைப் பார்த்தார். மணி பத்தை நெருங்கியது. வீட்டு லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்த ஷோபனாவுக்கு உயிர் வந்தது. கோயில் தளம் அதில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தது. மாமாதான் நேற்றுப் பார்த்திருப்பார் என்று நினைத்து, அந்தக் குக்கியை எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டினாள். பத்துக்குத் தளம் திறந்தது. ஒரு கேள்வியும் இல்லாமல் பதிவு விழுந்தது.

“பாத்தியா, ஆளைப் பாத்ததும் விட்டுட்டான்,” என்றார் பஞ்சநதம்.

ரசீது அவர் போனுக்கு வரவில்லை. ரெத்தினம் போனுக்குப் போயிற்று. முந்தின நாள் அவர் தன் பேரில் லாகின் செய்து, வெளியேறாமலே எழுந்து போயிருந்தார். பதிந்ததை மாற்ற இயலாது என்றது தளம்.

ரெத்தினம் தாம்பாளம் நிறையப் பழத்தோடு வந்து நின்றார்.

“என் பேரு உங்க வீட்டுலதாண்ணே திறந்து கெடந்துச்சு. வரப்புக்கு அந்தச் சண்டை போட்டவரு, மண்டகப்படியவே தூக்கிக் கொடுத்துட்டீங்களே. பெரிய மனசுண்ணே.”

வந்தவர் வந்தவர்தான். “காப்பி சாப்பிட்டுப் போ,” என்றார் பஞ்சநதம்.

மூன்றாம் நாள் பரிவட்டம் ரெத்தினம் தலையில் ஏறியது. பஞ்சநதம் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்று திருப்பனந்தாள் வரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பெரிய வீட்டார் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. குக்கி மாறிவிட்டது, அவ்வளவுதான்.