மாத்திரை போடாதவள்

அக்காவின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தங்கை மெதுவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அத்தான் போனில் இன்னொருவரிடமும் அதையேதான் சொன்னார்.

"பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போட மாட்டா. சொன்னா கேட்டாத்தானே."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அக்கா. பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்று, மாத்திரை போடாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவதா?

அத்தானை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பிரஷர் ஏறித்தான் உயிர் போய்விட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனவர் டாக்டர்தான். ஆனால் காலையில் அத்தான் ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது, அதே டாக்டர் வியர்த்து வழிய வெளியே வந்து தங்கையிடம் வேறு மாதிரி சொன்னார். மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கத்தை அடைக்க, தொடை வழியாகக் கொண்டுபோன கம்பிச்சுருள் நழுவி நல்ல குழாய்க்குள் போய்விட்டதாம். சுருக்குப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்களாம். மதியத்துக்குள் சுருள் நழுவிய பேச்சே காணாமல் போய், பிரஷர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நல்ல கூத்து!

அத்தானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"காலைல எங்கிட்ட சொன்னத இவர்கிட்டயும் சொல்லுங்க டாக்டர்."

எந்தச் சிகிச்சையிலும் ஆபத்து உண்டு, முன்பே விளக்கியிருந்தோமே என்று ஆரம்பித்தார். சுருள் யார் கையிலும் நழுவலாம், அதற்குச் சண்டை பிடிக்க வரவில்லை என்றாள்.

"மாத்திரை போடாததாலயா அது நழுவுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இல்லம்மா. எங்க கையிலதான் நழுவுச்சு. எடுக்கறதுக்குள்ள குழாய் அடைச்சிருச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இதைச் சொல்ல இவ்வளவு நேரமா!

வெளியே வந்ததும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அத்தானை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் லிஃப்ட் முன்னால் நின்றுவிட்டார்.

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்பவும் மாத்திரையச் சொல்லித்தான் திட்டினேன்," என்றார். "அவ ஒண்ணும் சொல்லல. சரின்னு தலைய ஆட்டினா."

லிஃப்ட் வந்து திறந்தது. இருவரும் ஏறவில்லை. அது தானாக மூடிக்கொண்டு கீழே போனது.