காஜாக்கா வாசித்த கடிதம்

பதினான்கு வருடமாகச் சட்டைகளுக்குப் பித்தான் துளை, அதாவது காஜா, போட்டதால் தையல் ஆலையில் அவளுக்குக் காஜாக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஸ்பானிஷ் பேசும் கம்பெனி ஒன்று ஆலையை வாங்கியதும் மதிய இடைவேளையில் அந்த மொழிக்கு வகுப்பு வைத்தார்கள். முதல் நாள் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாதம் மிஞ்சியது காஜாக்கா ஒருத்திதான்.

எதிர்காலப் பாடம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. வினைச்சொல்லை முழுசாக வைத்து வாலை ஒட்டினால் போதும். மூடுவதற்கு ‘செர்ரார்’. செர்ராரே, மூடுவேன். செர்ராராஸ், மூடுவாய். செர்ராரெமோஸ், மூடுவோம். நம் மொழி மாதிரியே வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் ஓடும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள், ஒரே வீட்டில் இருக்கும் அவளுடைய நாத்தனார். “யாரை அண்ணி திட்டுறீங்க?”

“கதவை மூடிப் பழகுறேன்டி.”

“பாத்து மூடுங்க, விரல் நசுங்கிடப்போகுது.”

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனியிலிருந்து ஸ்பானிஷில் வந்த ஒரு கடிதத்தை நீட்டினார். “போன்ல போட்டா என்னென்னமோ உளறுது. நீ பாத்துச் சொல்லும்மா.”

பாதி புரியவில்லை. நான்காவது வரியில் கண் நின்றுவிட்டது. செர்ராரெமோஸ். அடுத்து ஆலை. அடுத்து, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி.

“மூடப்போறாங்க சார்.”

அவர் அதிர்ச்சி அடைந்த மாதிரியே தெரியவில்லை. “வெளியில மூச்சு விடாதே. சரக்கு முடியுற வரைக்கும் ஆளுங்க நிக்கணும். மொழி தெரிஞ்சவ நீ, ஹெட் ஆபீஸ்ல உனக்கு ஒரு இடம் வாங்கித் தர்றேன்.”

மறுவாரம் நாத்தனார் கேட்டாள். “அண்ணி, பாலத்துக்கு அந்தப் பக்கம் புது கம்பெனியில காலருக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ரெண்டே இடம்தான். போகவா?”

நாக்கு நுனிவரை வந்தது. இவளிடம் சொன்னால் அரைமணியில் ஆலை முழுக்கப் பரவும். ஹெட் ஆபீஸ் கைநழுவும். “எதுக்குடி அவ்வளவு தூரம்? இங்கேயே என்கூட இரு.”

அவளும் இருந்துவிட்டாள்.

மூடிய அன்று வாசலில் எல்லாரும் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னாடியே தெரியாதா என்று ஒருவன் சட்டையைப் பிடிக்க, அவர் விரலை நீட்டினார். “என்னை ஏன் கேக்குறீங்க? லெட்டரைப் படிச்சுச் சொன்னதே அந்தம்மாதான்!”

நாத்தனார் திரும்பினாள். “நான் போகவான்னு கேட்டேனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “முன்னாடிதான்.”

நாத்தனார் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஹெட் ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேட்க காஜாக்கா இரண்டு தடவை போன் செய்தாள். மேனேஜர் எடுக்கவில்லை. வீட்டில் இன்னமும் ஒரே அடுப்பில்தான் சமையல். உப்புப் போட்டாயா என்று காஜாக்கா கேட்டால்கூட, நாத்தனார் தன் அண்ணனைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள்.