மாடிவீட்டு லோக்கல்

தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றச் சொன்ன அன்றைக்கே ஜமீலுன்னிசா சுதாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கால்ல மிதிச்சு ஓட்டினாத்தான் ஆன்ட்டி ஹெரிடேஜ். மோட்டார் சத்தம் கேட்டா கெஸ்ட்டுக்கெல்லாம் மூடே போயிடறது" என்றான் ஸ்ரீவத்சன்.

அவளுக்கோ முழங்கால் வலி. ஆனாலும் மகள் உம்மே ஹானி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிற நேரம். வாயை மூடிக்கொண்டு மிதித்தாள்.

ஸ்ரீவத்சன் வீட்டுக்காரப் பிள்ளை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், கீழே அவனும் அவன் அம்மா அபயாம்பாளும்; மாடியில் ஜமீலுன்னிசா. புருஷன் மவுத்தான பிறகும் அந்த மாடியிலேயே இருந்து, தெரு மாமிகளுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துத்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். அபயாம்பாள் மட்டும் ஒரு நாளும் மாடிப்படி ஏறியதில்லை. அளவெடுக்க ஜமீலுன்னிசாதான் கீழே போக வேண்டும், அதுவும் வாசலோடு சரி.

கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்த பிள்ளைக்குத் திடீரென்று பாரம்பரியத்தின் மேல் காதல் பொத்துக்கொண்டு வந்தது. கீழ் வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக்கினான். போன வருஷம் பெயிண்ட் அடித்த சுவரைச் சுரண்டி, பழசாகத் தெரியும்படி மறுபடியும் பெயிண்ட் அடித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் விடுதி நடத்தக் கிளம்பினார்கள். தெருமுனை மளிகைக் கடை காபிக் கடையானது. அங்கே ஒரு காபி குடிக்கத் தெருக்காரன் எவனுக்கும் வக்கில்லை. உள்ளூர்க்காரி கை காட்டினால் ஆட்டோக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் காலி செய்ய வைத்த ஸ்ரீவத்சன், கடைசியில் மாடிக்கும் வந்தான்.

"எம் மவ பிரசவமாயி நாப்பது கழியட்டும் தம்பி, போயிடறேன்" என்று கெஞ்சினாள் ஜமீலுன்னிசா. அவள் வீட்டு வழக்கம் அப்படி. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிகிறவரை தாயும் சேயும் வாசல்படி தாண்டக்கூடாது. அந்நிய ஆண் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது. அந்த நாற்பதுக்கு ஒரு கூரை வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவன் பிடி கொடுக்காமல் இழுத்தடித்தான். பிறகு ஒரு நாள் அவனே படியேறி ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, நீங்க காலி பண்ணவே வேண்டாம்! கெஸ்ட்டெல்லாம் கேக்கறா, வீடு நன்னாருக்கு, லோக்கல் மனுஷா ஒருத்தரையும் காணோமேன்னு. கார்த்தால செத்த நேரம் கதவைத் தெறந்து வெச்சுண்டு தைச்சிண்டிருங்கோ, போறும்."

ஊரையே துரத்தியடித்துவிட்டு ஊர்க்காரியைத் தேடுகிறான், பார்த்தீர்களா! ஜமீலுன்னிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆனால் கூரை கிடைத்ததே. சரியென்றாள்.

அப்புறம் தினமும் கூத்துதான். அவள் மிஷினை மிதிப்பாள், கெஸ்ட்டுகள் சுற்றி நிற்பார்கள். நவாப் வீட்டுக்குத் துணி தைத்த பரம்பரை என்று அவன் கூசாமல் அளப்பான். அவள் கையில் இருப்பதோ பக்கத்துத் தெரு மாமியின் ஜாக்கெட். காலால் மிதித்து மிதித்து வேலை ஓடவில்லை. மாமிகள் வேறு டெய்லரைத் தேடிக்கொண்டார்கள்.

ஹானி வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. வேடிக்கையெல்லாம் முன் கூடத்தோடு நிற்க வேண்டும், உள் அறைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று ஜமீலுன்னிசா கண்டிப்பாகச் சொன்னாள். ஸ்ரீவத்சனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

ஒரு நாள் சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டாள். புகை வெளியேறட்டும் என்று அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஈரத் துணிகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள். திரும்பி வந்தால், அறைக்குள் ஒரு கும்பல். நடுவில் ஸ்ரீவத்சன் நின்று ஏதோ சடங்கு என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். ஒருவன் மண்டி போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பால் கொடுத்துக்கொண்டிருந்த ஹானி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

"டேய்! வெளிய போங்கடா!"

"இல்ல ஆன்ட்டி, கதவு தெறந்துதானே இருந்தது..." என்றான் ஸ்ரீவத்சன்.

எல்லோரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. புகைந்துகொண்டிருந்த சாம்பிராணிக் கரண்டியோடு தடதடவென்று கீழே இறங்கினாள். படம் பிடித்தவனுடைய அறைக் கதவை எட்டி உதைத்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு அரை டிராயரோடு நின்றவன் திகைத்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி.

"இன்னா, கூச்சமா கீதா? எம் மவளுக்கும் அப்டித்தான இருந்திச்சி! காட்டு, நானும் நல்லா பாக்கறேன். இது இன்னா, துணி அவுக்கற சடங்கா?"

கரண்டியை அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி ஆட்டித் தமிழில் தெரிந்த வசவையெல்லாம் கொட்டினாள். அது தீர்ந்ததும் உருதுவில் ஆரம்பித்தாள். அறை முழுக்கப் புகை. அந்தப் பெண்பிள்ளை கண்ணை மூடிக் கைகூப்பித் தலையைக் குனிந்தாள். அவனும் வெற்று மார்போடு பக்தியாகக் குனிந்தான். திட்டி முடித்ததும் இரண்டு பேரும் தேங்க்யூ சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஸ்ரீவத்சன் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"ஆன்ட்டி, நேத்து அமர்க்களம்! ப்ளெஸிங் செரிமனின்னு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கா. வாராவாரம் வெச்சுண்டுடலாமா? அந்தத் திட்டறதையும் எடுத்துடாதீங்கோ, மந்திரம் மாதிரி இருந்துதாம்."

தூ! அவன் கன்னத்தில் அறையக்கூட அவளுக்குக் கை கூசியது. காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு படம் பிடிக்கிற ஜென்மங்களை என்ன சொல்லி வைவது?

உள்ளே ஹானி அழுதுகொண்டிருந்தாள். "அம்மி, எம் போட்டோ எங்கெல்லாம் போயிருக்கும்? அவரு பாத்தா?"

ஜமீலுன்னிசா தேனாம்பேட்டையில் இருக்கும் தம்பி மெஹபூப் பாஷாவுக்குப் போன் போட்டாள். எந்த நாற்பதுக்காக முழங்கால் தேய மிதித்தாளோ, அது கழியாமலே குழந்தையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டினாள். ஆட்டோவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நாள் கழித்து, விட்டுப்போன மிஷினை எடுக்கத் தம்பியோடு வந்தாள். மாடி முன் கூடத்தில் கெஸ்ட்டுகள் கூட்டம். ஸ்ரீவத்சன் நவாப் கதையை அளந்துகொண்டிருந்தான். மிஷினில் யாரோ ஒருத்தி பச்சைத் துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு, மிதிக்கத் தெரியாமல் மிதித்து நூலைச் சிக்கலாக்கிக்கொண்டிருந்தாள். முக்காட்டுக்குள் மூக்கின் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி மின்னியது.

அபயாம்பாள்! ஒரு நாளும் படியேறாத மகராசி.

மாமி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஜமீலா... வேற ஆள் கிடைக்கலைன்னு இந்தப் பிராணனை வாங்கறவன் என்னைக் கொண்டு ஒக்கார வெச்சுட்டாண்டி" என்றாள், அழாத குறையாக.

ஜமீலுன்னிசா சிக்கிய நூலை அறுத்துவிட்டுத் தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். மெஹபூப் பாஷா மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாமி ஸ்டூலில் மிதிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கெஸ்ட்டுகள் அதையும் விடாமல் படம் பிடித்தார்கள்.

படியில் காலை வைத்த ஜமீலுன்னிசா திரும்பினாள்.

"மாமி, முக்காடு நழுவுது. நல்லா இழுத்து வுட்டுக்குங்க, போட்டோ எடுக்கறாங்க."