சமதளச் சக்கரவர்த்தியின் கூடம்

இதனால் சகலருக்கும், குறிப்பாகத் தரையில் நடக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு, அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, நிலாவில் விழ வேண்டிய கல் ஒன்று தளம் போடும் மேஸ்திரியின் வீட்டுக் கூடத்தில் விழுந்தது. கூரையில் கீறல்கூட இல்லை.

கல் கடுகளவுதான். வந்த வேகத்தில் அது ஆவியாகிவிட, தரை நாலாபக்கமும் தெறித்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. விளிம்பு வரப்புபோல உயர்ந்து நின்றது. தெறித்த பொடி வெள்ளைக் கோடுகளாகச் சுவர்வரை ஓடியிருந்தது. பிறகு மாதம் இரண்டு மூன்று விழுந்தன. நேராக வந்ததும் சாய்வாக வந்ததும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் குடைந்தன. புளியங்கொட்டை அளவில் வந்த ஒன்று மட்டும் மூன்று பழைய பள்ளங்களை விழுங்கிவிட்டு, அமுங்கிய தரை திரும்ப எழும்பியதில் நடுவே ஒரு மேட்டையும் வைத்துக்கொண்டது.

மேஸ்திரி, துக்க வீட்டில்கூடச் சாய்ந்த படத்தைக் கண்டால் எழுந்து நேராக்குகிற ஆள். சிமெண்டைக் குழைத்துக் கொட்டினார். அதிலிருந்த தண்ணீர் வழியிலேயே காணாமல் போய், மிச்சம் மாவாக உதிர்ந்தது. அந்த மாவை நிரவினால் அடுத்த கல் வாரி முகத்தில் அடித்தது. காரணம் எளிது. அந்தக் கூடத்தில் தரைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் காற்று வருவதில்லை. கொசுகூட அங்கே தரையில் நடந்துதான் போனது. தேய்க்கக் காற்றில்லை, கரைக்க ஈரமில்லை. நான்கு வருஷத்துப் பள்ளமும் காலையில் விழுந்ததுபோல் கூராக இருந்தது.

அந்த நான்காம் வருஷம்தான் தளம் போடுவோர் சங்கம் அவருக்குச் 'சமதளச் சக்கரவர்த்தி' பட்டம் அறிவித்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் வாங்குகிறவர் வீட்டுத் தரையில் தலைவர் ஓர் இரும்புக் குண்டை வைத்து நூறு எண்ணுவார். குண்டு ஒரு சாண் தாண்டினால் பட்டமும் போச்சு, சங்கத்தில் பெயரும் போச்சு. அப்புறம் நாய்க்கூண்டுக்குத் தளம் போடக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மேஸ்திரி கூடம் முழுக்கப் பாய் விரித்தார்.

"பாயை எடுங்க. மூடி வச்சாத்தான் சந்தேகம் வரும்" என்றாள் மனைவி.

"இன்னிக்கே ஒரு பெரிய கல்லா விழுந்து என்னை நிரவிடக்கூடாதா?"

"விழுந்தா உங்க தலைவர் மேல விழட்டும். எடுங்கன்னா."

மேஸ்திரி பாயைச் சுருட்டினார். தலைவர் வந்தார். முதல் பள்ளத்தில் கால் இடறி, "என்னா வழவழப்பு!" என்றார். 'சமதளமே சமத்துவம்' என்று மூன்று பக்கம் வாசித்தார். பிறகு குனிந்து குண்டை வைத்தார். அது அரைச் சாண் உருண்டு, வாசலோரப் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. மேஸ்திரிக்கு வேர்த்தது, வேர்வை தரையைத் தொடாமல் பாதியிலேயே மறைந்தது. தலைவர் எண்ணி முடித்தார். குண்டு இம்மியும் அசையவில்லை.

"இருபத்தாறு வருஷமா வைக்கிறேன். எல்லா வீட்லயும் கொஞ்சமாவது நடுங்கும். இது அசையவே இல்லையேய்யா!"

சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "தலைவரே, அது பள்ளத்துல கெடக்கு."

"சாண் தாண்டுச்சா?"

"இல்ல."

"நூறு எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சு."

"அப்ப உட்காரு."

பட்டம் வழங்கப்பட்டது. அன்றிலிருந்து மேஸ்திரிக்கு வேலை குவிகிறது. கற்கள் வழக்கம்போல மாதம் இரண்டு மூன்று விழுகின்றன. வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாசலோரப் பள்ளத்தில் மனைவி அரிசிப் பானையை வைத்திருக்கிறாள். தரை சமதளமாக இருந்த காலத்தில் அது ஆடிக்கொண்டே இருந்தது.