அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள்

தையல்காரி ஒட்டிலியின் கையைத் தூக்கிப் பிடித்து, சட்டைக் கையில் தைத்திருந்த துக்கப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்ஸெல் காய்ச்சலில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கடலுக்கு வடக்கே இருந்த ராஜ்யத்தின் பட்டத்து இளவரசன், ஒட்டிலிக்கு நிச்சயிக்கப்பட்டவன். இப்போது பட்டம் அவன் தம்பி இவாருக்கு வந்துவிட்டது. பட்டத்தோடு பெண்ணும் போகட்டும் என்று கோடையிலேயே இரண்டு அரண்மனைகளும் பேசி முடித்துவிட்டன. அவளிடம்தான் கடைசியாகச் சொன்னார்கள்.

"சாம்பல் நிறக் கவுனைப் போட்டுக்க," என்றாள் அவள் அம்மா, கடலுக்குத் தெற்கே இருந்த சிறிய நாட்டின் கோமகள். "அழுது தொலைக்காதே. உனக்கு மூக்கு செவந்துடும். சாயந்தரம் போட்டோ எடுக்கறாங்க."

ஒட்டிலி அழவில்லை. அக்ஸெலைப் பற்றிப் பேச உலகத்தில் இன்னும் ஒரு ஆள் இருக்கிறான் என்று சில நாட்களாக அவளுக்கு ஒரு ஆசை. அண்ணனை இழந்தவன், தன்னைப் போலத்தானே இருப்பான் என்று நினைத்திருந்தாள்.

மதிய உணவின்போது, நிச்சயத்துக்காகக் காலையில் வந்திறங்கியிருந்த இவார் ஆற்று மீனை முள் முள்ளாகப் பிரித்துத் தட்டோரத்தில் அடுக்கினான். ஒட்டிலியின் அப்பா வாய் தவறி மூன்று முறை அவனை அக்ஸெல் என்று கூப்பிட்டார். மூன்று முறையும் அவன் சிரித்தான்.

பிறகு இருவரையும் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பிளம் மரங்களுக்கு அடியில் பழங்கள் விழுந்து புளித்துக் கிடந்தன. அவன் நடைக்கு ஏற்றபடி அவளும் மெதுவாக நடந்தாள்.

"அண்ணன் மேசையில உங்க கடிதமெல்லாம் இருந்துச்சு. அம்பத்து மூணு. எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "குடுத்துடுங்க. அது அவருக்கு எழுதினது."

"முப்பத்தொண்ணாவது கடிதம். 'உங்க தம்பி வாத்து மாதிரி நடக்கறார். பின்னாடி யாராவது தானியம் தூவறாங்களான்னு பார்க்கத் தோணுது.'" மனப்பாடமாக ஒப்பித்தான். "ஆறு வயசுல குதிரை தள்ளிவிட்டுச்சு. இடுப்பு எலும்பு சரியா கூடலை. அண்ணன் சொல்லலையா?"

சொல்லவில்லை. அந்தக் கடிதத்துக்கு அக்ஸெல் எழுதிய பதில் அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. அரைப் பக்கத்துக்குச் சிரித்திருந்தான். இன்னும் எழுது என்று கேட்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது. மன்னிச்சுடுங்க."

"எங்கம்மா மூணு பொண்ணுங்க பேரு சொன்னாங்க. உங்க பேரு அதுல இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"எதுக்கு?"

"நீ தினம் பார்க்கணும்ல? காலையில எந்திரிச்சு நான் ஜன்னல் வரைக்கும் நடக்கறதை." 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவள் யோசிப்பதற்குள் அவன் தொடர்ந்தான். "கடிதமெல்லாம் பத்திரமா இருக்கும். கல்யாண நாளுக்கு ஒண்ணுன்னு வருஷா வருஷம் தர்றேன். சிரிச்ச முகமா இருந்தா."

அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். கோமகள் கையுறைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கடிதத்துல யாரைப் பத்தியும் எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"அம்மா, அவர் என்னைப் பழிவாங்கக் கட்டிக்கறார்."

"உங்கப்பா என்னைக் கட்டினது எங்கப்பாவோட பீரங்கிப் படைக்காக. காரணம் இல்லாம யார் கட்டறா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "போன சண்டையில அக்கம்பக்கத்து நாட்டையெல்லாம் முழுங்கினவங்க நம்மளை விட்டு வெச்சிருக்கறது இந்தச் சம்பந்தத்துக்குப் பயந்துதான். முகத்தைக் கழுவிட்டு வா."

மாலை வெயில் சாய்வதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று புகைப்படக்காரர் அவசரப்படுத்தினார். தோட்டத்திலேயே நாற்காலி போட்டு இவாரை உட்கார வைத்தார். ஒட்டிலியை அவன் பின்னால் நிறுத்தி, தலை அசையாமலிருக்க ஒரு இரும்புக் கவட்டையை அவள் பின்னங்கழுத்தில் பொருத்தித் திருகினார். கொண்டையைச் சரித்து அதை மறைத்தார். அவள் கையை எடுத்து இவாரின் தோளில் வைத்தார்.

"பன்னெண்டு எண்ணுவேன், இளவரசி. மூச்சுகூட மெதுவா."

கேமராவின் மூடியைக் கழற்றினார்.

மூன்று எண்ணும்போது பிளம் மரத்துப் பக்கமிருந்து ஒரு குளவி வந்து அவள் கையுறைமேல் உட்கார்ந்தது. கையுறைக்கு மேல் போட்டிருந்த நிச்சய மோதிரத்தைச் சுற்றி ஊர்ந்தது. விரல் நுனிக்கு வந்து நின்றது. பிறகு இவாரின் கழுத்துப் பட்டியில் இறங்கி, உள்ளே போக இடம் தேடியது. அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஒரு விரலால் தட்டிவிட்டிருக்கலாம்.

"ஏழு," என்றார் புகைப்படக்காரர். "எட்டு."

ஒட்டிலி அசையவில்லை.